புதுசா வந்த தூதர்கிட்ட நேரா மனு குடுத்தா வேலை நடக்குமா?

தம்பி கேட்டது இதுதான். டெல்லிக்கு ஒரு வளைகுடா நாட்டோட புது தூதர் வந்திருக்கார், ராஷ்டிரபதி பவன்ல ஜனாதிபதிகிட்ட பேப்பர் குடுக்கற போட்டோ வந்திருக்கு, அந்த நாட்டுல கடல் எல்லை தாண்டினாங்கன்னு பிடிச்சு வெச்சிருக்கற நம்ம கடற்கரை மீனவர்கள் விஷயமா அவரை நேரா பாத்து மனு குடுக்கலாமா, இல்ல ஸ்டேட் கவர்மெண்டை பேசச் சொல்லலாமா, புது ஆளு வந்தா நம்ம அரசாங்கம் அவர்கூட எப்படி வேலை பாக்கும்னு.

நான் டெல்லியில ஒரு எம்பசியில லோக்கல் ஸ்டாஃபா வேலை பாத்தவன். இப்ப ஊருக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டத்துல கொல்லங்கோடு பக்கம் இருக்கேன், நீரோடியில இருந்து தூத்தூர் வரைக்கும் உள்ள வீட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதிக் குடுக்கறேன். அதனால இந்த விஷயத்தை அந்தப் பக்கத்துல இருந்தும் பாத்திருக்கேன், இந்தப் பக்கத்துல இருந்தும் பாக்கறேன். கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மனு குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா தூதர் சொன்னா அவங்க நாட்டு கோர்ட்டும் ஜெயிலும் கேட்கும்னு நினைச்சுப் போனீங்கன்னா ஏமாந்து வருவீங்க. அவர் வேலை அவரோட தலைநகரம் சொல்றதை டெல்லியில சொல்றது, டெல்லி சொல்றதை அங்க சொல்றது, ரெண்டுக்கும் நடுவுல பேச்சு முறியாம பாத்துக்கறது. உங்க மனுவை எம்பசியில ஒரு செகண்ட் செக்ரட்டரி வாங்கி வெச்சுக்குவார், மரியாதையா டீ கூட குடுப்பாங்க, ஆனா "இது உங்க அரசாங்கம் எங்ககிட்ட கேட்டா பாக்கலாம்"ங்கற பதில்தான் கடைசியில வரும். அவர் மேல கோவப்பட ஒண்ணும் இல்ல, விதியே அப்படித்தான் எழுதியிருக்கு. 1961 வியன்னா ஒப்பந்தம் ஆர்ட்டிகிள் 41ல, தூதரகம் தன்னோட அலுவல் வேலை எல்லாத்தையும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் கூடவோ, அது வழியாவோ, இல்ல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட வேற அமைச்சகம் வழியாவோதான் செய்யணும்னு இருக்கு. அதே ஆர்ட்டிகிள்லதான் உள்நாட்டு விவகாரத்துல தலையிடக் கூடாதுன்னும் இருக்கு. அதனால ஒரு தூதர் நேரா நம்ம கடற்கரைக்கு வந்து மீனவர்களுக்கு வாக்குறுதி குடுத்துட்டுப் போனா, கேக்க நல்லா இருக்கும், டெல்லிக்கு அது பிடிக்காது.

இப்ப அந்த போட்டோ விஷயம். ஒருத்தரை தூதரா அனுப்பறதுக்கு முன்னாடியே பேரைச் சொல்லி சம்மதம் கேக்கணும், அதுக்கு அக்ரெமான்னு சொல்வாங்க. வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு காரணம் சொல்லத் தேவையில்ல. பல நேரம் வேண்டாம்னு கூட சொல்ல மாட்டாங்க, பதிலே போடாம விட்டுருவாங்க. 2015ல இஸ்ரேல் தானி தயான்னு ஒருத்தரை பிரேசிலுக்கு தூதரா அறிவிச்சுது, அவர் மேற்குக்கரை குடியேற்றவாசிகள் அமைப்போட தலைவரா இருந்தவர், பிரேசில் மாசக்கணக்கா பேசாமயே இருந்துச்சு, 2016 மார்ச்ல இஸ்ரேலே அவரை நியூயார்க்குக்கு கான்சல் ஜெனரலா மாத்தி அனுப்பிருச்சு. அதனால ஒரு தூதர் டெல்லியில வந்து இறங்கிட்டார்னாலே ரெண்டு அரசாங்கமும் அவரைப் பத்தி யோசிச்சு சரின்னு சொல்லியாச்சுன்னு அர்த்தம். வந்ததும் தன்னோட நியமனக் கடிதத்தோட நகலை வெளியுறவு அமைச்சகத்துல சீஃப் ஆஃப் புரோட்டோகால்கிட்ட குடுப்பார். அப்புறம் ஒரு நாள் நாலஞ்சு நாட்டு தூதர்கள் வரிசையா ஜனாதிபதிகிட்ட ஒரிஜினலைக் குடுப்பாங்க, போன தூதரைத் திருப்பி அழைச்சுக்கிட்டோம்ங்கற கடிதமும் கூடவே போகும். நீங்க பாத்த போட்டோ அதுதான். காமன்வெல்த் நாடுன்னா தூதர்னு சொல்லாம ஹைகமிஷனர்னு சொல்வாங்க, வேலை ஒண்ணுதான்.

அதுக்கு அப்புறம் வர்ற முதல் சில மாசம் முழுக்க மரியாதைச் சந்திப்புதான். ஒவ்வொரு அமைச்சரா, செயலாளரா, மத்த நாட்டு தூதர்களா, வியாபார சங்கங்களா போய்ப் பாப்பார். ஆனா உண்மையான வேலை நடக்கற இடம் வேற. வெளியுறவு அமைச்சகத்துல நாடுகளைப் பிரிச்சு டிவிஷன் டிவிஷனா வெச்சிருக்காங்க. சவூதி, கத்தார், பஹ்ரைன் எல்லாம் கல்ஃப் டிவிஷன், ஈரான் பாகிஸ்தான் ஆப்கானிஸ்தானோட சேந்த டிவிஷன், இத்தாலி மேற்கு ஐரோப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜாயிண்ட் செக்ரட்டரி இருப்பார். அமைச்சர் தூதரைப் பாக்கறது எப்பவாவதுதான், ஜாயிண்ட் செக்ரட்டரியும் அந்த தூதரகத்து ரெண்டாம் நிலை அதிகாரியும் பேசிக்கறது சாதாரண நாள்ல கூட நடக்கும். யாருக்கு விசா நிக்குது, எந்த கப்பல் எங்க நிக்குது, எந்த கைதிக்கு பேப்பர் வரலன்னு அங்கதான் ஓடும். எழுத்துல போறதுக்கு நோட் வெர்பால்னு பேரு, கையெழுத்து இருக்காது, தூதரக முத்திரையும் சுருக்கொப்பமும் மட்டும் இருக்கும், "தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது"ன்னு ஆரம்பிக்கும், சண்டையில எழுதினாக்கூட அந்த மரியாதை வரி மாறாது.

தூதர் முக்கியமா டிவிஷன் முக்கியமான்னு கேட்டா ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்க தூதர் கென்னத் ஜஸ்டர் 2021 ஜனவரியில கிளம்பினார். அடுத்த ஆள் எரிக் கார்செட்டி டெல்லியில ஜனாதிபதிகிட்ட கடிதம் குடுத்தது 2023 மே மாசம், அவரோட பேரு செனட்ல அவ்வளவு நாள் மாட்டிக்கிச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல நாற்காலி காலி, தற்காலிகப் பொறுப்பாளர்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உக்காந்தாங்க. அந்த நேரத்துலதான் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நாலும் சேந்த குவாட் தலைவர்கள் கூட்டங்கள் நடந்துச்சு, 2023 ஜனவரியில தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான ஐசெட்டும் தொடங்கினாங்க. வண்டி நிக்கல. அதுக்காக தூதரே தேவையில்லன்னு சொல்ல வரல. மேல இருக்கறவங்க ஏற்கெனவே முடிவு பண்ணின வேலை தூதர் இல்லாமலும் ஓடும். யாரும் கண்டுக்காத வேலைக்குத்தான் தூதர் வேணும், ஜெயில்ல இருக்கற மீனவன் விஷயம் அந்த ரகம்.

தூதர் எதுக்குன்னு நம்ம கடற்கரைக்கு மத்தவங்களை விட நல்லாத் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா அந்தப் பாடம் நம்ம ரத்தத்துல எழுதினது. 2012 பிப்ரவரி 15, பூத்துறைக்காரர் ஒருத்தரோட செயின்ட் ஆன்டனிங்கற மீன்பிடி போட்டு நீண்டகரையில இருந்து போயிருந்துச்சு, கரையில இருந்து ஏறக்குறைய 20 கடல் மைல் தள்ளி என்ரிகா லெக்ஸிங்கற இத்தாலி எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த ரெண்டு மரீன் வீரர்கள் சுட்டதுல ரெண்டு பேரு செத்தாங்க, ஒருத்தர் கொல்லம், இன்னொருத்தர் நம்ம இரவிபுத்தன்துறைப் பையன். கடற்கொள்ளைக்காரங்கன்னு நினைச்சு சுட்டோம்னாங்க. கேரளா போலீஸ் பிடிச்சுது, கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2013 பிப்ரவரியில இத்தாலியில தேர்தல், மரீன்கள் ஓட்டுப் போட்டுட்டு வரட்டும்னு நாலு வாரம் கேட்டாங்க. டெல்லியில இருந்த இத்தாலி தூதர் தானியேலே மன்சினி அவங்க திரும்பி வருவாங்கன்னு சுப்ரீம் கோர்ட்ல உறுதிமொழியா எழுதிக் குடுத்தார். அந்த எழுத்தை நம்பித்தான் கோர்ட் விட்டுச்சு.

மார்ச் 11ஆம் தேதி, அனுப்ப மாட்டோம்னு இத்தாலி சொல்லிருச்சு. மார்ச் 14, தூதர் அனுமதி இல்லாம இந்தியாவை விட்டுப் போகக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. சட்டப்படி பாத்தா வியன்னா ஒப்பந்தம் ஆர்ட்டிகிள் 29 ஒரு தூதரை எந்த வகையிலயும் தடுத்து வைக்கக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லுது, ஐரோப்பிய யூனியனும் அதைச் சொல்லி கவலை தெரிவிச்சுது. கோர்ட் பக்கம் இருந்த வாதம், நீங்களா வந்து எங்க முன்னாடி உறுதிமொழி குடுத்துட்டு இப்ப பாதுகாப்பு இருக்குன்னு சொல்ல முடியாதுங்கறது. எனக்கு அந்த உத்தரவு ஒப்பந்தத்தோட ஒத்துப் போகலன்னுதான் தோணுது, இருந்தாலும் இரவிபுத்தன்துறை வீட்டுல இருந்து பாத்தா அந்த உத்தரவு இல்லன்னா அந்த ரெண்டு மரீன்களும் திரும்பி வந்திருக்கவே மாட்டாங்க. அரசாங்கமும் சும்மா இருக்கல, ரோமுக்கு புதுசா நியமிச்சு கிளம்பத் தயாரா இருந்த நம்ம தூதர் பசந்த் குமார் குப்தாவை போக வேண்டாம்னு நிறுத்தி வெச்சுது. மார்ச் 22 மரீன்கள் திரும்பி வந்தாங்க. நாலு நாள்ல இத்தாலி வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி ராஜினாமா பண்ணினார்.

கடைசியில ஹேக் நடுவர் மன்றம் 2020ல தீர்ப்பு சொல்லிச்சு, அவங்க அரசாங்க அலுவலா இருந்த வீரர்கள், இந்தியா விசாரிக்க முடியாது, ஆனா இத்தாலி நஷ்ட ஈடு குடுக்கணும்னு. முதல்லயே கருணைத் தொகையா குடுத்தது போக இன்னும் 10 கோடி ரூபாய், ரெண்டு குடும்பத்துக்கும் 4 கோடி வீதம், போட்டு ஓனருக்கு 2 கோடி, பணம் வந்த பிறகு 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் இந்தியாவுல உள்ள கேஸை முடிச்சுது. அந்த வருஷங்கள் பூரா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல எல்லாமே கசந்து கிடந்துச்சு, மன்சினியை 2014ல இத்தாலி கலந்தாலோசனைக்குன்னு திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு, அடுத்து வந்த தூதர் லோரென்சோ ஆஞ்செலோனி வந்து உக்காந்தப்போ மரீன் விவகாரம் தீராமதான் இருந்துச்சு. புது தூதர்னா புது நோட்டுப் புத்தகம்னு நினைக்காதீங்க, முன்னாடி இருந்தவர் குடுத்த வாக்கும் உடைச்ச வாக்கும் அவர் பேர்ல ஏறிக்கிட்டுதான் வரும். அரசாங்கத்துக்கும் ஒரு தூதருக்கும் நடுவுல உள்ள உறவுல நான் எல்லாத்துக்கும் மேலா மதிக்கறது இதைத்தான்: இவர் சொன்னா அவங்க தலைநகரம் நிறைவேத்துமா. டிவிஷன்ல புது ஆளை முதல் ஆறு மாசம் எடை போடறதும் இதை வெச்சுத்தான். சின்னச் சின்ன விஷயமா கேட்டுப் பாப்பாங்க, நாலு கைதிகளோட பேரு லிஸ்ட் வேணும், ஒரு பாடி சீக்கிரம் அனுப்பணும்னு. சொன்ன தேதியில வந்துச்சுன்னா அடுத்து பெருசா கேப்பாங்க.

கோவம் வந்தா தூதரைக் கூப்பிட்டு அனுப்பறதுன்னு ஒண்ணு இருக்கு, டிவியில "சம்மன்"னு போடுவாங்க. 2013 டிசம்பர்ல நியூயார்க்ல நம்ம துணை கான்சல் ஜெனரல் தேவயானி கோப்ரகடேவைக் கைது பண்ணினப்போ அமெரிக்க தூதர் நான்சி பவலை வெளியுறவுச் செயலாளர் கூப்பிட்டுக் கண்டிச்சார், எம்பசி வாசல்ல இருந்த போலீஸ் தடுப்பை எடுத்தாங்க, அமெரிக்க கான்சுலர் அதிகாரிகளோட அடையாள அட்டையைத் திருப்பி வாங்கினாங்க. அடுத்த சில மாசத்துல பவல் பதவி விலகறதா அறிவிச்சார். இந்த மாதிரி நேரத்துல சின்ன ஆளுகளோட ஃபைல் எல்லாம் அப்படியே நின்னு போகும், அதனால ரெண்டு நாடும் நல்லா இருக்கும்போதே நம்ம விஷயத்தை முடிச்சுக்கப் பாக்கணும்.

இனி ஸ்டேட் கவர்மெண்ட் விஷயம். நம்ம தமிழ்நாடு-கேரளா எல்லைப் பக்கத்துல இது ரொம்பக் குழப்பும். அரசியல் சாசனம் ஏழாம் அட்டவணையில மத்தியப் பட்டியல் 10ஆம் எண் வெளியுறவு, 11ஆம் எண் தூதரக, கான்சுலர், வணிகப் பிரதிநிதித்துவம். ரெண்டுமே டெல்லி கையில. 2024 ஜூலையில கேரளா அரசாங்கம் வாசுகி ஐஏஎஸ் அவங்களுக்கு வெளிநாட்டு ஒத்துழைப்பு சம்பந்தமான வேலைகளைக் கூடுதல் பொறுப்பா குடுத்தப்போ, மாநிலங்கள் தங்க அதிகாரத்துக்கு வெளிய உள்ளதுல தலையிடக் கூடாதுன்னு வெளியுறவு அமைச்சகம் வெளிப்படையாவே சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி 2020 ஜூலையில திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல அமீரக கான்சுலேட் பேர்ல வந்த பார்சல்ல 30 கிலோ தங்கம் பிடிபட்டப்போ, மாநில அரசாங்கத்து ஆளுக கான்சுலேட் கூட நேரா வெச்சிருந்த தொடர்பு எல்லாம் பெரிய கேள்வியாச்சு. எனக்கு இதுல ரெண்டு பக்கமும் தெரியுது. கேரளாக்காரங்க இவ்வளவு பேரு வெளிய இருக்கும்போது மாநிலத்துல ஒரு அதிகாரி இதைப் பாத்துக்கறது நியாயம்தான், வெளியுறவு அமைச்சகமே 2014ல மாநிலங்களுக்குன்னு தனி டிவிஷன் ஆரம்பிச்சுது. ஆனா மாநிலம் செய்யக் கூடியது டெல்லி கதவைத் தட்டறது, தூதர் வீட்டுக் கதவை இல்ல.

நம்ம கஷ்டம் என்னன்னா ஒரே போட்டுல நீரோடிக்காரனும் பொழியூர்க்காரனும் இருப்பாங்க, நடுவுல ஒரு எல்லைக் கல்லுதான். பிடிபட்டா பொழியூர் வீட்டுக்காரங்க வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரளா அரசாங்கத் துறையான நோர்காவுக்குப் போவாங்க, நீரோடிக்காரங்க நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கும் சென்னையில அயலகத் தமிழர் ஆணையரகத்துக்கும் எழுதுவாங்க. ரெண்டு மாநிலத்துல இருந்தும் ரெண்டு கடிதம், ஒண்ணுல பேரு ஒரு மாதிரி ஸ்பெல்லிங், இன்னொண்ணுல வேற மாதிரி, ஒண்ணுல ஆறு பேரு, இன்னொண்ணுல ஒன்பது பேரு. டிவிஷன்ல உக்காந்திருக்கறவன் இது ஒரே கேஸா ரெண்டு கேஸான்னு கண்டுபிடிக்கவே நாளாகும். அதனால மக்ளே, முதல்ல ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சர்ச்சோட பங்கு ஆபீஸ்லயோ எங்கயாவதோ ஒண்ணா உக்காந்து ஒரே லிஸ்ட் போடுங்க. பாஸ்போர்ட்ல உள்ள அதே ஸ்பெல்லிங்ல பேரு, பாஸ்போர்ட் நம்பர், விசா எந்த கஃபீல் (அங்க விசா எடுத்துக் குடுத்த முதலாளி) பேர்ல இருக்கு, போட்டு நம்பர், எந்த துறைமுகத்துல இருந்து கிளம்பிச்சு, எங்க எப்பப் பிடிச்சாங்க, கடைசியா போன் வந்தது எப்ப. அரபிக்காரர் போட்டுல ஒப்பந்தத்துக்குப் போனவங்கன்னா போட்டு ஓட்டினவர் மேல ஒரு கேஸ், மத்த ஆளுக மேல வேற மாதிரின்னு வரலாம், அதனால யாரு ஓட்டினாங்கன்னும் உண்மையா எழுதுங்க, மறைச்சா பின்னாடி அவனுக்கேதான் கெடுதல்.

அந்த லிஸ்ட் முதல்ல போக வேண்டியது டெல்லியில இருக்கற அவங்க தூதருக்கு இல்ல, அந்த நாட்டுல இருக்கற நம்ம இந்தியத் தூதரகத்துக்கு. 1963 கான்சுலர் ஒப்பந்தம் ஆர்ட்டிகிள் 36 படி பிடிபட்ட ஆளு கேட்டா நம்ம தூதரகத்துக்கு தாமதமில்லாம சொல்லணும், நம்ம அதிகாரி ஜெயிலுக்குப் போய்ப் பாக்கலாம், வக்கீல் வெச்சுக் குடுக்கலாம். உளவாளின்னு சொல்லி பாகிஸ்தான் பிடிச்சு வெச்ச குல்பூஷன் ஜாதவ் கேஸ்ல 2019ல உலக நீதிமன்றம் பாகிஸ்தான் மீறினதா சொன்னது இந்த ஆர்ட்டிகிளைத்தான். கூடவே வெளியுறவு அமைச்சகத்தோட மதத் (MADAD) இணையப் போர்ட்டல்ல புகார் போட்டு அந்த நம்பரை எழுதி வெச்சுக்கோங்க. டிக்கெட்டுக்கோ சின்ன அபராதத்துக்கோ காசில்லாத ஆளுன்னா தூதரகத்துல 2009ல இருந்து இந்தியர் நல நிதின்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்து கேளுங்க, அது பிச்சை இல்ல, அதுக்குன்னே உள்ள பணம்.

நம்ம தூதர் நல்ல ஆளா அமைஞ்சா என்ன ஆகும்னு கத்தார்ல பாத்தோம். கப்பற்படையில இருந்து ஓய்வு பெற்ற எட்டு பேரை 2022 ஆகஸ்ட்ல பிடிச்சாங்க, 2023 அக்டோபர்ல மரண தண்டனை வந்துச்சு. அந்த வருஷம்தான் விபுல் அங்க புது தூதராப் போயிருந்தார், அவர் அதுக்கு முன்னாடி டெல்லியில கல்ஃப் டிவிஷன்ல ஜாயிண்ட் செக்ரட்டரி. அந்தப் பக்கத்து ஆளுகளையும் தெரியும், டெல்லியில எந்த மேஜையில எது நிக்கும்னும் தெரியும். டிசம்பர் 1 துபாய் மாநாட்டுல பிரதமர் கத்தார் அமீரைச் சந்திச்சார், டிசம்பர் 3 தூதர் ஜெயில்ல எட்டு பேரையும் பாத்தார், மாசக் கடைசியில மரண தண்டனையைக் குறைச்சு ஜெயில் தண்டனையா மாத்தினாங்க, 2024 பிப்ரவரியில விடுதலை. மேல தலைவர்கள் பேசினதும், கீழ தூதர் விடாம போனதும், கோர்ட்ல அப்பீலும், மூணும் சேந்துதான் நடந்துச்சு. மீனவனுக்கு பிரதமர் பேசுவாரான்னு கேக்காதீங்க, தலைவர்கள் பேசறதுக்குத் தயாரிக்கற குறிப்புல நம்ம ஆளுக பேரு ஒரு வரியாவது இருக்க வைக்கணும், அதுதான் நம்ம வேலை.

புது தூதர் டெல்லிக்கு வந்த நேரம் இதுக்கு நல்ல நேரம்தான்னு நான் சொல்றது அதனாலதான். முதல் மாசங்கள்ல டிவிஷன் அவரைப் பாக்கறதுக்கு முன்னாடி "நிலுவையில என்னென்ன இருக்கு"ன்னு ஒரு குறிப்பு தயார் பண்ணும், அந்தப் பக்கமும் அப்படியே பண்ணும். பெரிய தலைவர்கள் வருகை வந்தாலோ, அந்த நாட்டு தேசிய தினமோ ரமலானோ பொதுமன்னிப்பு வர்ற சமயமோ வந்தாலோ, அந்தக் குறிப்புல உள்ளதுதான் முதல்ல நகரும். அதனால நேரா போய் தூதரைப் பாக்கறதுக்கு செலவு பண்ற டிரெயின் காசுல நம்ம எம்.பி.யைப் பிடிங்க, கன்னியாகுமரி எம்.பி.யும் திருவனந்தபுரம் எம்.பி.யும் ஒரே லிஸ்டை இணைச்சு வெளியுறவு அமைச்சருக்கு எழுதட்டும், முதலமைச்சர் ஆபீஸ்ல இருந்தும் ஒரு கடிதம் போகட்டும். அதுக்கு அப்புறம் ஒரு நகல் புது தூதருக்கும் மரியாதையா அனுப்புங்க, குற்றம் சொல்லாம, கருணை கேட்டு, ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம.

பதில் வரலன்னா மறுபடி மறுபடி ஒரே மனுவை அனுப்பாதீங்க. அடுத்த கூட்டத்தொடர்ல லோக்சபாவுல ஒரு கேள்வியா போடச் சொல்லி எம்.பி.கிட்ட கேளுங்க, எந்த நாட்டு ஜெயில்ல எத்தனை இந்திய மீனவர், என்ன நடவடிக்கைன்னு. அதை எடுத்துக்கிட்டாங்கன்னா எழுத்துல பதில் குடுத்தே ஆகணும், அதுக்காக டிவிஷன்ல அந்த ஃபைலை எடுத்து, நம்ம தூதரகத்துக்கு எழுதி, கடைசி நிலவரம் வாங்கியே ஆகணும். லிஸ்ட் தயாரானதும் எனக்கு அனுப்புங்க, இங்கிலீஷ் நான் எழுதித் தர்றேன்.